மின்தடையின்போது ஹார்ட் டிஸ்க்கைக் காக்க: யுபிஎஸ் தேர்வும் இணைப்பும்

மடிக்கணினியிலிருந்து ஒரு பெரிய கோப்புறையை வெளி வன்தட்டுக்கு (ஹார்ட் டிஸ்க்) படியெடுக்கும்போது மின்சாரம் நின்றால், மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் செருகிய தனி அடாப்டரை நம்பியிருக்கும் 3.5 அங்குல வன்தட்டோ அந்தக் கணமே நின்றுவிடும். மடிக்கணினி இருப்பதால், மின்சாரம் நின்றதும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ் தேவையில்லை என்று எண்ணுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஆகவே, உங்கள் வன்தட்டு எங்கிருந்து மின்சாரம் பெறுகிறது என்பதை முதலில் பாருங்கள். யுஎஸ்பி வடம் மட்டுமே கொண்ட 2.5 அங்குல வன்தட்டை நல்ல பேட்டரி உள்ள மடிக்கணினியில் செருகினால், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தனி அடாப்டர் கொண்டவை, மேசைக்கணினிக்குள் இருப்பவை, நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியில் இருப்பவை ஆகிய மூன்றுக்கும்தான் காப்பு மின்சாரம் தேவைப்படுகிறது.

வன்தட்டின் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன; படித்து எழுதும் முனைகள் அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப்படலத்தின் மீது மிதக்கின்றன. மின்சாரம் திடீரென நின்றால், சுழலும் மோட்டாரே சிறிது நேரம் ஜெனரேட்டராகச் செயல்பட்டு, அந்த மிச்ச ஆற்றலில் முனைகளை அவற்றின் இருப்பிடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மின்தடையிலேயே வன்தட்டு உடைந்துவிடும் என்ற அச்சம் மிகையானது. ஆனால் இந்த அவசர இழுப்பு வழக்கமான நிறுத்தத்தைப் போல் மென்மையானதன்று. அது அடிக்கடி நிகழ்ந்தால் தேய்மானம் கூடும். பெரிய இழப்பு தரவில்தான் நேர்கிறது. எழுதி முடித்ததாகக் கணினி நினைக்கும் தரவில் ஒரு பகுதி வன்தட்டின் ரைட் கேஷ் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே இன்னும் இருக்கக்கூடும், மின்சாரம் போனதும் அது அழிந்துவிடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற, கோப்புகளை வன்தட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகள் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதால் பெரும்பாலும் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. வெளி வன்தட்டுகளில் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு 3.5 அங்குல வன்தட்டு சீராக ஓடும்போது 5 முதல் 8 வாட் வரைதான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் இணைப்பில் மட்டும் ஏறத்தாழ 2 ஆம்பியர், அதாவது 24 வாட் வரை, இழுக்கும். ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய 12 வோல்ட் டிசி யுபிஎஸ்ஸை வன்தட்டு அடாப்டருக்குப் பதிலாக மாட்டுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டை அது தாங்கக்கூடும். நின்றுபோன வன்தட்டை மீண்டும் கிளப்பும்போது அதன் மின்னழுத்தம் சரிந்து, வன்தட்டு எழும்பி எழும்பி நின்றுபோகும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைவிடக் கூடுதலாகத் தரும் சாதனம் கிடைக்காவிட்டால், அந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

மேசைக்கணினிக்கு 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் பொதுவாகப் போதும். அதன் உண்மையான தாங்கும் திறன் பெரும்பாலும் 360 வாட்தான் என்பதால், விஏ எண்ணை வாட் என்று கொள்ளக் கூடாது. அதிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு சொன்னாலும், வேகமாக வெளியேற்றும்போது ஏறத்தாழ அதில் பாதிதான் கைக்கு வரும். திரையும் சேர்ந்து 120 வாட் எடுக்கும் கணினிக்கு, பேட்டரி புதிதாக இருக்கையில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். இந்த நேரம் வேலையைத் தொடர்வதற்கானதன்று, திறந்தவற்றைச் சேமித்து முறையாக மூடுவதற்கானது. லேசர் பிரிண்டரை ஒருபோதும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருந்தால், தனி யுபிஎஸ் எதற்கு என்று கேட்கலாம். கணினியின் மின்வழங்கி, முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடி வரை மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை, எக்கோ நிலை என இரண்டு இருந்தால், முன்னதில் வைத்தால்தான், மின்தடையின்போது பேட்டரிக்கு மாறுவது அந்த எல்லைக்குள் முடிய வாய்ப்புண்டு. மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கும்போது வன்தட்டின் சுழற்சி ஒலி ஒரு கணம் தாழ்ந்து எழுந்தால், உங்கள் இன்வெர்ட்டர் வன்தட்டுக்குப் போதுமான வேகத்தில் மாறவில்லை என்று கொள்ளலாம். அப்போது இடையில் ஒரு சிறிய யுபிஎஸ் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாங்கும்போது நான் விலையைவிட முதலில் பார்ப்பது, யுபிஎஸ்ஸின் பின்புறம் தரவுக்கான யுஎஸ்பி துளை இருக்கிறதா என்பதைத்தான். மலிவான மாதிரிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. வீட்டில் ஆளில்லாதபோது மின்சாரம் போனால், அத்தகைய யுபிஎஸ் கால் மணி நேரம் பீப் ஒலி எழுப்பிவிட்டு, அதே திடீர் நிறுத்தத்தைத் தாமதமாகத் தருகிறது, அவ்வளவே. துளை இருந்தால், வடத்தை நேரடியாகக் கணினியில் செருகுங்கள். விண்டோஸ் அதைப் பேட்டரியாகவே அடையாளம் காணும், பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் எச்சரிக்கை அளவை 60 விழுக்காடு என்றும், முக்கிய (கிரிட்டிக்கல்) அளவை 40 விழுக்காடு என்றும் வைத்து, செயலாக ஷட் டவுன் அல்லது ஹைபர்நேட்டைத் தேர்ந்தெடுக்கலாம், ஸ்லீப் உதவாது. பழைய பேட்டரி காட்டும் விழுக்காடு நம்பத்தக்கதன்று என்பதால் இந்தத் தாராளம் தேவை. லினக்ஸில் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் இதே பணியைச் செய்யும். நாஸ் பெட்டிகள் பலவற்றின் அமைப்புகளிலேயே யுபிஎஸ் பகுதி உண்டு.

வெளி வன்தட்டுக்கு இன்னொரு அமைப்பும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வன்தட்டின் பாலிசிஸ் பக்கத்தில் குயிக் ரிமூவல் என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் எழுத வேண்டியதைத் தேக்கி வைப்பது குறையும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் வெளிச் சேமிப்புச் சாதனங்களுக்கு இதுவே இயல்பு நிலை. அதே பக்கத்தில் கேஷ் ஃபிளஷ் செய்வதை, அதாவது தேக்கியதை உடனே தட்டில் எழுதவைப்பதை, நிறுத்தும் பெட்டி இருந்தால், வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் அதில் குறியிட வேண்டாம்.

சோதனையை வன்தட்டை வைத்துத் தொடங்கக் கூடாது. யுபிஎஸ்ஸை இரவு முழுதும் மின்னேற்றி, ஒரு 100 வாட் குண்டு பல்பை அதில் செருகி, சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் அறுபடும் என்பதால் சுவிட்சையே பயன்படுத்த வேண்டும். அடுத்து, கணினி தானாக அணைகிறதா என்பதை, முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராத நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்புச் சோதனையைத் திரும்பச் செய்து, நேரம் பாதியாகக் குறைந்ததும் பேட்டரியை மாற்றுங்கள். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் பகை: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மேசைக்கு அடியில் காற்றில்லாத மூலையில் யுபிஎஸ்ஸை ஒளித்து வைக்கும் வழக்கத்தை இதனால்தான் கைவிட வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் உடனே எதையும் இயக்காதீர்கள். வந்த வேகத்தில் மறுபடி போவது அதன் இயல்பு. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்பில், மின்சாரம் வந்ததும் கணினி தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவிட்டு, ஐந்து, பத்து நிமிடம் பொறுத்துத் தொடங்கலாம். காப்பு இருந்தும் வன்தட்டு திடீரென நின்றிருந்தால், விண்டோஸில் சிஎச்கேடிஎஸ்கே (CHKDSK) கட்டளையால் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் முன்பே, வன்தட்டு தன் நிலை குறித்துப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 192, 197 ஆகிய எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். முன்னது பல தயாரிப்புகளில் அவசர இழுப்புகளின் எண்ணிக்கை. பின்னது படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் இவற்றை இயல்பாகப் பதினாறடிமான எண்களில் காட்டுவதால், 10 என்றிருந்தால் 16 என்று படிக்க வேண்டும். 197 பூஜ்யத்திலிருந்து உயர்ந்திருந்தால், வேறெதையும் செய்யும் முன் தரவை வேறொரு வன்தட்டுக்குப் படியெடுங்கள். வன்தட்டு டிக் டிக் என்று தட்டும் ஒலி எழுப்பினால் மட்டும், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல், மின் இணைப்பை எடுத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுப்பதே முறை.