களியை முகர்ந்துவிட்டு நாய் திரும்பிப் படுத்தால்: நோயைக் கண்டுபிடிப்பதும் கவனித்துக்கொள்வதும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. செவலை என்று ஒரு நாட்டு நாய் வைத்திருந்தோம். ராகிக் களியில் ஒரு உருண்டை போட்டு, கறி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் தட்டை நக்கிப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் நகரும். ஒருநாள் சாயங்காலம் களியை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மாட்டுக் கொட்டகை ஓரம் படுத்துக்கொண்டது. "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், நாளைக்குத் தின்னும் உடுப்பா" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் சொட்டியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு துவைத்த வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஓடினோம், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், ஐந்தாம் நாள் போய்விட்டது. முதல் நாளே அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்கலாம் என்பது இன்னும் மனதில் உறுத்துகிறது.

நாய் வலியைச் சொல்லாது. சொல்லாதது மட்டுமல்ல, முடிந்தவரை மறைக்கும். அதனால் நோயின் அறிகுறிகளை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் நாய் நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் முக்கியம். எந்த நேரத்தில் தட்டு முன்னால் வந்து நிற்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடி வருமா, தலையை மட்டும் தூக்கிப் பார்க்குமா, மலம் எந்தப் பதத்தில் போகும், இதெல்லாம் தெரிந்திருந்தால் மாறும் நாளில் தானாகவே கண்ணில் படும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். நன்றாக இருக்கும் நாய்க்கும் தூங்கி எழுந்தால் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் நாயோடு உட்காருங்கள். முதலில் ஈறு. உதட்டை மெதுவாகத் தூக்கினால் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு இடத்தில் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ ரத்தமோ கெட்டிருக்கிறது, நீலம் பாய்ந்திருந்தால் மூச்சு போதவில்லை. மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாது. அடுத்து தோல். முதுகுத் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு, அதனால் தொட்டால் நம்மைவிடச் சூடாகத்தான் இருக்கும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் உண்ணி. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், அக்குளில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பார்வைக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். இந்தப் பழுப்பு உண்ணிதான் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலைக் கொண்டு வருகிறது. கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு என்று தொடங்கும், சில நாய்களுக்கு அதுவாகவே தெளிந்தது போலத் தெரிந்து மாதங்கள் கழித்து மறுபடி வரும். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவதால் மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், நாய் படுக்கிற இடத்தின் வெடிப்புகளையெல்லாம் பூசி அடைத்தால்தான் குறையும். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய் மேல் ஊற்றுவது நம்மூரில் சாதாரணமாக நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடமே மருந்து கேளுங்கள்.

குட்டி என்றால் பயப்பட வேண்டியது பார்வோ என்கிற வைரஸ் நோய். நேற்று துள்ளிக்கொண்டிருந்த குட்டி இன்று வாந்தி எடுக்கும், அப்புறம் ரத்தம் கலந்த கழிச்சல், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. தண்ணீர் வற்றித்தான் குட்டி சாகிறது, அதனால் ராத்திரி ஆரம்பித்தால் விடிந்ததும் ட்ரிப்ஸுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் ஆகும்வரை. ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு இல்லை. அந்த ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடாதீர்கள். பார்வோவில் ஒரு குட்டி செத்த வீட்டு மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், சிமெண்ட் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம், மண் வாசலாக இருந்தால் ஒரு வருடமாவது தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டு வராமல் இருப்பது நல்லது.

நம்ம பக்கத்துக்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று மாங்கொட்டை. சீசனில் தோப்பில் விழுந்த பழத்தை நாய் ஆசையாகத் தின்னும், பழம் பரவாயில்லை, கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அடைத்த நாய் குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுக்கும், மலம் போகாது, முன்னங்காலை நீட்டித் தரையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்கும். வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பார்க்க வேண்டும், சில சமயம் அறுவை சிகிச்சையும். இன்னொன்று தோட்டத்து மருந்து. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு அடிக்கிற மருந்து கலக்கிய பக்கெட்டை நாய் நக்கினால் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முடியில் பட்டிருந்தால் கையுறை போட்டு சோப்பால் கழுவிவிட்டு, அந்த மருந்து பாட்டிலை டாக்டரிடம் கையோடு கொண்டு போங்கள், பெயர் தெரிந்தால் என்ன ஊசி போடுவது என்று அவர் உடனே முடிவு செய்வார்.

சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் கட்டிப் போட்ட நாய் நாக்கைத் தொங்கவிட்டுத் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கி வந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பெரிய நாய்க்குச் சாப்பிட்ட பிறகு வயிறு மத்தளம் போல உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடித்து, சாப்பிடாமல், பின்னால் சீழ் வடிந்தால் கர்ப்பப்பை கெட்டிருக்கிறது. வெளியே சீழ் வராமலும் இது இருக்கலாம்.

ரேபிஸ் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். வாய் மூடாமல் எச்சில் வடித்துக்கொண்டு, குரல் மாறி, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்து தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுவிடாதீர்கள், குறிப்பாகத் தடுப்பூசி போடாத நாய் என்றால். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் வருடாவருடம். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம்.

அரசு கால்நடை மருத்துவமனையில் மாடு ஆடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாயையும் பார்ப்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள். ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று வந்தால் தர்மபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கும், கிருஷ்ணகிரி ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கிற கல்லூரிக்கும் போகலாம். போகும்முன் எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, எத்தனை முறை வாந்தி, கடைசி ஊசி எப்போது என்று ஒரு தாளில் எழுதி, வாந்தியையும் மலத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், இபுபுரோஃபென் இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம்.

இப்போது எங்களிடம் இருக்கிற குட்டிக்குப் போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. களியை விட்ட அன்றே ஈறைப் பார்த்தேன், லேசாக வெளுத்திருந்தது, மறுநாள் காலையில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். நாலாம் நாளே ஓடியாட ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வரும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். நான் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதையும் அவர்தான் திருத்தினார்: ராகியிலும் பாலிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், இந்த மாத்திரையை உடம்பில் சேர விடாமல் அது பிடித்துக்கொள்ளும். அதனால் வேகவைத்த கோழித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்து, மாத்திரை தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வைத்தோம். களியை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தோம். இருபத்தெட்டாம் நாள் வரை, காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு.