ஓய்வுக்காலத்துக்காக வாடகை வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறருடைய வீடுகளை வாடகைக்கு விட்டு நிர்வகிப்பது என் தொழில். ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவர்கள், மொத்தமாகக் கைக்கு வந்த தொகையைக் கொண்டு ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் மாதாமாதம் வாடகை வரும், அப்புறம் கவலையில்லை என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன் என்பதால் அவர்களைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. ஆனால் அதே பிழைகள் வேறு வேறு வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

வில்லங்கம் பார்க்காமல் வாங்குவது, ஒப்பந்தம் எழுதாமல் குடிவைப்பது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவற்றைச் சொல்லி எச்சரிக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

வாடகையை ஓய்வூதியமாக எண்ணுவது

இந்த ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. காரணம், இதில் சிக்குபவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் வரவுசெலவுகளைச் சரிபார்த்தவர்கள்கூட, சொந்தப் பணம் என்று வந்ததும் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, வீட்டு விலையால் வகுத்து, கிடைத்த விழுக்காட்டை வங்கி வைப்புநிதியின் வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். விற்பவர் நீட்டும் தாளிலும் அந்த ஒரு வரிக் கணக்குத்தான் இருக்கும். அவருக்கு அது போதும். வாங்குபவர் அதன் கீழே இன்னும் ஐந்தாறு வரிகள் எழுதியாக வேண்டும்.

வீட்டின் விலை 100, ஆண்டு வாடகை 5 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, குடிவைக்கும் முன் செய்யும் சில்லறை வேலைகள் எல்லாம் சேர்ந்து கையைவிட்டுப் போவது 107 என்றும் கொள்வோம். ஆண்டில் ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது, மிஞ்சுவது 4.58. பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் வீட்டு மதிப்பில் 1 விழுக்காட்டை ஒதுக்கிவைப்பது பரவலான வழக்கம். அதைக் கழித்தால் 3.58. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் 0.3 போகட்டும். நிர்வகிப்பவருக்கு வசூலான வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.46. காலியான வீட்டுக்கு ஆள் கொண்டுவரும் தரகருக்கு அரை மாத வாடகை, அதாவது 0.21. கடைசியில் நிற்பது 2.61; அதுவும் 107 போட்டதற்கு. 5 விழுக்காடு என்று நம்பி வாங்கியது 2.4 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. வருமான வரியை இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்கும்கூட ஓரளவு ஏமாற்றுவதுதான், ஏனெனில் இதில் வருவது சராசரி. செலவுகள் சராசரியாக வருவதில்லை. சில ஆண்டுகள் ஒன்றுமே இராது, பிறகு ஒரே மாதத்தில் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கிய ஒரு தம்பதியின் வரவுசெலவை நான் கவனித்துவந்தேன். வாடகை தங்கள் மாதச் செலவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது என்று அவர்களுக்குப் பெருமை. முதல் சில ஆண்டுகள் எந்தக் குறையும் வராததே அவர்களுக்குக் கெடுதலாயிற்று. வந்ததை முழுவதும் செலவழித்துப் பழகிவிட்டார்கள். பிறகு குடியிருந்தவர் காலிசெய்துகொண்டு போனார். அதே சமயத்தில் உரிமையாளர் சங்கம் பழைய லிஃப்ட்டை மாற்ற முடிவெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பங்குத்தொகை விதித்தது. சுவருக்கு வர்ணம் அடிக்காமல் யாரும் குடிவர மாட்டார்கள் என்றேன்; வர்ணம் அடிக்கக் கையில் பணம் இல்லை. வேறு வழியின்றி வாடகையைக் குறைத்து, முதலில் வந்து கேட்டவருக்கே வீட்டைக் கொடுத்தார்கள். அவர் மூன்றாம் மாதத்திலிருந்தே வாடகையை இழுத்தடித்தார். அந்த முதியவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'இன்னும் பணம் ஏறவில்லையே' என்று கேட்பார், நான் ஏதோ கருவூல அலுவலகத்தை நடத்துவதுபோல.

ஓய்வூதியத்தை வழங்குவது ஒரு அரசோ நிறுவனமோ. வாடகையைத் தருவது வேலை போகக்கூடிய, ஊர் மாறக்கூடிய ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் நிலை மட்டுமின்றிச் சட்டமும் குறுக்கே வரலாம். 2020இல் பெருந்தொற்றின்போது, வாடகை பாக்கி வைத்தவர்களை வெளியேற்றுவதைப் பல நாடுகள் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. குடியிருந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த வாடகை ஒன்றையே நம்பியிருந்த உரிமையாளருக்கு மருந்துச் செலவை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: பன்னிரண்டு மாத வாடகையில் எட்டு மாத வாடகையை மட்டுமே வருமானமாக எழுதுங்கள், மீதி நான்கு மாத வாடகை தனிக் கணக்கில் கிடக்கட்டும். முதல் ஆண்டு வாடகையை முடிந்தவரை தொடாதீர்கள். வாங்குவதற்கு முன் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிஃப்ட், மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, தண்ணீர்க் குழாய்கள் ஆகியவை கடைசியாக எப்போது மாற்றப்பட்டன, சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு என்பவை விற்பவர் காட்டும் படுக்கையறையைவிட முக்கியமான செய்திகள். எட்டு மாத வாடகையில் குடும்பம் நடக்காது என்றால், அந்த வீடு உங்களுக்கு ஏற்றதன்று.

எல்லாப் பணத்தையும் ஒரே கட்டடத்தில் பூட்டுவது

வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது. அறுவை சிகிச்சைக்குத் திடீரென்று பணம் தேவைப்படும் முதியவர், வீட்டு விலையில் இருபதில் ஒரு பங்கே ஆகும் தொகைக்காக முழு வீட்டையும் விற்க வேண்டியிருக்கும். அவசரத்தில் விற்பவருக்கு எந்தச் சந்தையிலும் நல்ல விலை கிடைப்பதில்லை.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பங்குகளும் கடன்பத்திரங்களும் கலந்த சேமிப்பிலிருந்து முதல் ஆண்டு 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும், கடந்தகாலச் சந்தை நிலவரங்களின்படி அந்தச் சேமிப்பு 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்பது அதன் சாரம். எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் எண் அன்று அது. அதில் கவனிக்க வேண்டியது, முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க அங்கே இடமிருக்கிறது என்பதைத்தான். வாடகை வீட்டில் அது முடியாது. முதல் அப்படியே பிள்ளைகளுக்குப் போகும், பெற்றோர் வாடகையில் நெருக்கிப்பிடித்து வாழ்வார்கள். அறிந்து செய்தால் அது அவர்கள் விருப்பம். பெரும்பாலோர் அறிந்து செய்வதில்லை.

'நிலத்தின் விலை இறங்காது' என்ற பதிலும் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும். ஜப்பானின் நகரங்களில் 1991இல் இறங்கத் தொடங்கிய மனை விலை பத்து ஆண்டுகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தைத் தொட்டுச் சரிந்த வீட்டு விலை 2012இல்தான் மீளத் தொடங்கியது. 40 வயதுக்காரர் அதைக் காத்திருந்து கடக்கலாம். 72 வயதுக்காரருக்கு அந்த அவகாசம் இருக்குமா?

மூன்று ஆண்டுக் குடும்பச் செலவுக்கான தொகையை வீட்டுக்கு வெளியே, நினைத்தபோது எடுக்கக்கூடிய வடிவில் வைத்த பிறகு, மிஞ்சுவதில் வாங்க முடிகிற வீட்டை மட்டும் வாங்குங்கள்.

ஓய்வுக்குப் பின்னும் நீளும் தவணை

கடைசிச் சம்பளத்தோடு முடியாத வீட்டுக் கடனை எடுக்காதீர்கள்.

உறவினரைக் குடிவைப்பது

வேண்டாம்.

முன்பணத்தைச் செலவழிப்பது

அது உங்கள் பணமன்று, திருப்பித் தர வேண்டிய கடன். அது கிடக்கும் கணக்கைத் தொடாதீர்கள்.

80 வயதில் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளாமல் வாங்குவது

60 வயதில் மூன்று மாடி ஏறி ஒழுகும் குழாயைப் பார்த்துவிட்டு வருவது பொழுதுபோக்காகக்கூட இருக்கும். 80 வயதில் அந்தப் படிகளை ஏற முடியாது, கேட்காத காதோடு வாடகை பாக்கிக்காக வாதாடவும் முடியாது. வீட்டை வாங்குபவர்கள் அந்த வேலைகளை என்றும் செய்யப்போவது இன்றைய உடம்புதான் என்று தம்மையறியாமல் எண்ணிக்கொள்கிறார்கள்.

இதைவிடச் சிக்கலானது, விவரம் முழுவதும் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருப்பது. கணவர் இறந்த பின் என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்குத் தம் வீட்டில் குடியிருப்பவரின் பெயர் தெரியும். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முன்பணம் எவ்வளவு, காப்பீடு புதுப்பிக்கப்பட்டதா, மூலப்பத்திரம் எங்கே என்பவை எதுவும் தெரியாது. குடியிருந்தவர் நேர்மையானவராக இருந்து, தம்மிடமிருந்த ஒப்பந்தப் படிகளைக் கொண்டுவந்து காட்டியதால் அந்தப் பெண்மணி தப்பினார். எல்லாருக்கும் அப்படிப்பட்டவர் வாய்ப்பதில்லை.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்குவது, உயிலை எழுதிவைப்பது, நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பது ஆகிய மூன்றையும் பதிவு நடக்கும் மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. அதிகாரப் பத்திரத்தைப் பொறுத்தவரை வழக்கறிஞரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொடுத்தவர் நினைவாற்றலை இழந்த பிறகும் அது செல்லுமா? பல இடங்களில் சாதாரண அதிகாரப் பத்திரம் அந்த நிலையில் செல்லாமல் போகிறது. அப்போது வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்குக்கூடப் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போக நேரிடும்.