மலிவு அலுமாரிக்குக் காலும் முதுகும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

ஏ9 வீதியோரம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தளபாடக் கடைக்குள் நுழைந்து, குறைந்த விலையில் அலுமாரி கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று இறப்பர் மரச் சட்டத்தில் மெல்லிய முதுகுப்பலகை அடித்தது. மற்றது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பளபளப்புத் தாள் ஒட்டியது. இரண்டையும் வாங்கலாம். ஆனால் வாங்கிய கையோடு பலரும் செய்வது கைப்பிடி மாற்றுவதும் நிறம் பூசுவதும்தான். இரண்டு மாரி கழிந்ததும் அதே அலுமாரி ஒரு பக்கம் சரிந்து, அடிப்பலகை ஊதி, கதவு சாத்த முடியாமல் நிற்கும். வன்னியில் அலுமாரி முகத்தில் கெடுவதில்லை, காலிலும் முதுகிலும்தான் கெடுகிறது. ஆகவே இந்தச் செய்முறை கீழிருந்து மேலே போகிறது. நிறத்துக்குக் கடைசியில்தான் இடம்.

தேவையான கருவிகள்: கைவாள், சுத்தியல், திருகாணி முடுக்கி, அளவு நாடா, தட்டை உளி, ட்றில். ட்றில் சொந்தமாக வேண்டியதில்லை, ஒரு நாளுக்கு இரவல் கிடைத்தால் போதும். 120, 180, 220 இலக்க அரத்தாள்கள், மரவேலைக்கான வெள்ளைப் பசை, வார்னிஷ் ஆகியவை எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும்.

வாங்கும்போதே

கதவைத் திறந்து மணம் பார்க்காதீர்கள், அலுமாரியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முதுகுப்பலகை உள்வாங்கி வளைந்திருக்கிறதா, ஆணிகள் தூரத்தூர அடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். சட்டத்தில் குண்டூசித் தலையளவு துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது உளுக்கத் தொடங்கிய மரம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

இறப்பர் மரம் இயல்பாக உளுக்கும் மரம். அதனால் பட்டறையில் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தித்தான் தளபாடம் ஆக்குகிறார்கள். அந்த உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது. நிலம் கழுவும்போதெல்லாம் நனையும் கால், பதப்படுத்தியதன் பயனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். எம்.டி.எஃப். பலகையின் கதை இன்னும் மோசம். ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது.

முதற் படி: கால்

மரக்காலையிலோ தச்சுப்பட்டறையிலோ ஓரத்துண்டுகள் கேளுங்கள். முதிரை, பாலை, வேம்பு, பனை, எதுவானாலும் நல்லது. பாலை கல்லைப் போன்றது. துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பழைய கூரை பிரிக்கும் வீட்டில் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை கிடைத்தால் விடாதீர்கள், கறையான் அதை எளிதில் தொடாது. ஆனால் அறுக்கும்போது அதன் கறுத்த நார் ஊசியாய்க் கிளம்பி உள்ளங்கையில் ஏறும், கையுறை போடுங்கள். காட்டில் போய்த் தறித்து வரும் யோசனை மட்டும் வேண்டாம். அனுமதியில்லாத மரம் வீட்டுக்குள் வந்தாலும் வழக்கு வழக்குத்தான்.

3 அங்குல அகலம், 4 அங்குல உயரம், 4 அங்குல நீளத்தில் நான்கு கட்டைகள் வெட்டுங்கள். பனஞ்சிலாகை அவ்வளவு தடிப்பு இராது, துண்டுகளைப் பசையிட்டு அடுக்கிக் கொள்ளலாம். புதிதாகச் செய்வோர் கவனிக்காத இடம் இது: மரத்தின் நார் தரைக்கு இணையாக ஓடும்படி கட்டையை வைக்க வேண்டும். நார் நிமிர்ந்து நின்றால் வெட்டுமுகம் தரையில் படும். ஈரம் அதன் வழியே மேலே ஏறும். படுக்கையாக வைத்தால் அந்த வழி அடைபடும். நாரின் குறுக்கே இறங்கும் திருகாணியும் உறுதியாகப் பிடிக்கும். வெட்டுமுகங்களுக்கு எப்படியும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, அலுமாரியின் ஆழத்துக்குச் சமமான நீளத்தில் இரண்டு சட்டங்கள், 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. ஒவ்வொரு சட்டத்தின் இரு முனைகளிலும் ஒரு கட்டை. பசை தடவி, மேலிருந்து 3 அங்குலத் திருகாணி இரண்டு. சட்டத்தில் 5 மில்லிமீற்றர் துளை, கட்டையில் 3 மில்லிமீற்றர் துளை முதலிலேயே போட வேண்டும். துளையில்லாமல் முடுக்கினால் முதிரை வெடிக்கும்.

அலுமாரியைப் பாய் மேல் முகம் குப்புறக் கிடத்துங்கள். இரு பக்கமும் அடிப்பலகைக்குக் கீழே ஒவ்வொரு சட்டம் வரும். எம்.டி.எஃப். பலகைக்குத் திருகாணிப் பிடி குறைவு. ஆகவே பலகையையும் சட்டத்தையும் ஊடுருவித் துளைத்து, கால் அங்குல நட்டுப் போல்ட், இரு புறமும் வாசர் போட்டு இறுக்குங்கள். மூலைச் சட்டங்கள் தரைவரை இறங்கும் அலுமாரி என்றால் இந்தச் சட்டம் அடிப்பலகைக்கு எட்டாது. அப்போது மூலைச் சட்டத்தின் அடியில் கட்டையை வைத்து, உட்பக்கமாக இரும்புத் தகட்டால் இரண்டையும் பூட்டுங்கள்.

கட்டையின் அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினால் நிலத்து ஈரமும் ஏறாது, இழுக்கும்போது சீமெந்தும் கீறாது.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்துக்கு 4 அங்குலக் கால் ஈடு கொடுக்காது. நாம் தடுப்பது வாசலால் அடிக்கும் சாரல், கூரை ஒழுக்கு, நிலம் கழுவும் தண்ணீர். அதைவிடப் பெரிய லாபம் கறையான் விஷயத்தில். கறையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்குழாய் கட்டித்தான் ஏறும். அடியில் இடைவெளி இருந்தால் கூட்டும்போதே குழாய் கண்ணில் படும், தட்டிவிடலாம். அலுமாரி நிலத்தோடு ஒட்டியிருந்தால் உடுப்பை எடுக்கும் நாளில்தான் தெரியவரும். கழிவு ஒயிலை மரத்துக்குப் பூசும் வழக்கம் வேலிக்கட்டைக்குச் சரி; உடுப்பும் பிள்ளைகளும் இருக்கும் அறைக்குச் சரியில்லை.

இரண்டாம் படி: முதுகு

அலுமாரி ஆடாமல் நிற்பது முதுகுப்பலகையால். அது தளர்ந்தால் சட்டம் சரியும், கதவு உரசும். பலரும் பிணைச்சலைக் குறை சொல்லி அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கிடத்திய நிலையிலேயே இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் சட்டம் நேர். ஒன்று நீளமென்றால் அந்த இரு மூலைகளையும் உள்ளே தள்ளுங்கள், சமமாகும்வரை. சமமானதும் 4 அங்குலத்துக்கு ஓர் ஆணி வீதம் பலகையைச் சுற்றி அடியுங்கள். பணம் கைகொடுத்தால் 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக்கு மாற்றி, இரு முகத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் கொடுக்கலாம். மேலும் கீழும் ஓர் அங்குலத் துளை இரண்டிரண்டு போட்டு, நுளம்பு வலையால் மூடுங்கள். வலை இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிக் குடியேறிவிடும்.

மூன்றாம் படி: பிணைச்சலும் லாச்சியும்

பிணைச்சலின் திருகாணித் துளை அகன்றிருந்தால் ஈர்க்குத் துண்டுகளைப் பசையில் தோய்த்துத் துளையை நிரப்பி, ஓர் இரவு விட்டு, மறுநாள் அதே திருகாணியை முடுக்குங்கள்.

மாரியில் லாச்சி இறுகினால் சீவுளியை எடுக்காதீர்கள். மரம் ஈரத்தில் பருத்திருக்கிறது. அப்போது சீவினால் கச்சான் காற்றுக் காலத்தில் அதே லாச்சி லொடலொடக்கும். ஓடும் விளிம்புகளில் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும். கோடையிலும் இறுகினால் மட்டும் சீவலாம்.

நான்காம் படி: கதவுக்குப் பனையோலை

இந்தப் படி சட்டக் கதவுக்கு மட்டும். ஒரே பலகையான எம்.டி.எஃப். கதவில் முயலாதீர்கள்.

மாரியில் மூடிய அலுமாரிக்குள் உடுப்பும் புத்தகமும் பூஞ்சணம் பிடிப்பது காற்றில்லாததால். கதவின் நடுப்பலகையைக் கழற்றிவிட்டு ஓலைப் பின்னலை வைத்தால் காற்று நடமாடும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். சந்தையில் பெட்டி, சுளகு விற்கும் அம்மாமாரிடம் அளவு சொன்னால் பின்னித் தருவார்கள். சார்வோலையில் (இளம் பனையோலை) நெருக்கமான பின்னலாகக் கேளுங்கள், ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக. சாயமிட்ட ஓலையும் உண்டு. என் கண்ணுக்குச் சாயமில்லாததே அழகு, நாளாக நாளாகப் பொன்னிறமாகும்.

கதவைக் கழற்றி உட்பக்கம் மேலே தெரிய வையுங்கள். நடுப்பலகையைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டைகளை உளியால் நெம்பி எடுங்கள். உடையாமல் எடுத்தால் திரும்பவும் பயன்படும். பின்னலை ஈரத் துணியால் துடைத்தால் ஓலை இளகும், மடிப்புகள் படியும். சட்டத்தின் பள்ளத்தில் பசை தடவி, முதலில் மேல்விளிம்பு, பிறகு எதிரே கீழ்விளிம்பு, அதன் பின் பக்கங்கள் என்று இழுத்துப் பதியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் பின்னல் கோணிப்போகும். மேலே நுளம்புக் கம்பிவலை ஒன்று விரித்தால் எலிப் பல்லுக்கும் தடை. பட்டைகளைத் திரும்ப வைத்துச் சின்ன ஆணி அடித்து, மிஞ்சிய ஓலையை வெட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: நிறம்

மாசி, பங்குனி நல்ல காலம். மாரியில் லக்கர் பூசினால் ஈரக்காற்றால் வெள்ளை படரும். கச்சான் காலத்தில் றோட்டுப் புழுதியெல்லாம் பூச்சில் ஒட்டும். பழைய பளபளப்பை 120இலும் பிறகு 180இலும் நாரோட்டத்தின் வழியே தேய்த்து மங்கச் செய்யுங்கள். தூளைத் துடைத்து, இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் 220ஆல் ஒரு மென் தேய்ப்பு. தாள் ஒட்டிய பலகைக்கு முதலில் அதற்கான அடிப்பூச்சு இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். மூக்கு மூடி அணியுங்கள், தின்னரை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கைப்பிடி உங்கள் விருப்பம்.

ஆறாம் படி: சுவரோடு பூட்டுதல்

கால் வைத்து உயர்த்திய அலுமாரி முன்னால் கவிழ வாய்ப்புக் கூடுதல், லாச்சியைப் படியாக்கி ஏறும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் கூடுதல். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள், முதுகுப் பக்கக் கறையானும் தெரியும். மேற்சட்டத்தின் இரு ஓரத்திலும் எல் வடிவ இரும்புத் தகடு பூட்டி, சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் செருகி முடுக்குங்கள். தகட்டின் நீளம் அந்த 2 அங்குல இடைவெளியைத் தாண்டுகிறதா என்று கடையிலேயே அளந்து வாங்க வேண்டும். சாந்து உதிரும் இடத்தில் பிளக் நிற்காது, ஒரு சாண் தள்ளிக் கல் இருக்கும் இடத்தில் துளையிடுங்கள்.