போர்வை பின்னினால் முறம் வருகிறதா? குரோஷா ஓரத்தை நேராக்கும் வழி

தங்கை குழந்தைக்குப் போர்வை என்று 60 ஸ்டிச்சில் ஆரம்பித்தேன். 17 வரிசை முடித்துத் தரையில் விரித்தால் அடி அகலம், மேலே குறுகல். அத்தை எட்டிப் பார்த்தார். "பிள்ளைக்குப் போர்வைன்னு சொன்ன, முறம் பின்னிட்டிருக்க?" எண்ணிப் பார்த்தேன், 43. வரிசைக்கு ஒன்று வீதம், கணக்குத் தவறாமல் தொலைத்திருக்கிறேன்.

மூன்று முறை பிரித்துப் பின்னிய பிறகுதான் பிடிபட்டது. குரோஷாவின் அடிப்படை ஸ்டிச்சுகளான சங்கிலி, சிங்கிள், டபுள் மூன்றும் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாதவர்கள் ஏதாவது வீடியோ பார்த்து ஒரு சாயங்காலம் பழகிவிட்டு வாருங்கள்.

என்ன வேண்டும்

4 மி.மீ. ஊசி, வெளிர் நிறத்தில் 4 ப்ளை நூல். கறுப்பு, கருநீலம் இப்போதைக்கு வேண்டாம், ஸ்டிச் கண்ணுக்கே தெரியாது. பிடியில் ரப்பர் வைத்த ஊசியாக வாங்குங்கள். மொட்டை அலுமினிய ஊசியில் ஒரு மணி நேரம் பின்னினால் எனக்குக் கட்டைவிரல் மரத்துவிடும். அடையாளத்துக்கு ஊக்கு வேண்டாம், அதன் சுருளில் நூல் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். வேறு நிறத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு நூல் போதும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மார்க்கர் இருந்தால் சரி, இல்லையென்று அதற்காக அலைய வேண்டாம்.

படி 1: மாதிரித் துண்டு

22 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் முதல் டபுள். விட்டுவந்த மூன்று சங்கிலியும் சேர்ந்து ஒரு டபுள் கணக்கு. வரிசை முடிவில் 20 இருக்க வேண்டும்.

சங்கிலி இறுகினால் அடி சுருங்கி, துண்டு மேலே போகப் போக விசிறி போல விரியும். ஸ்டிச் கூடிவிட்டதோ என்று தோன்றும், எண்ணினால் சரியாகவே இருக்கும். சங்கிலிக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்தால் தீர்ந்தது.

படி 2: திருப்பியதும் வரும் முதல் ஸ்டிச்

துண்டைத் திருப்பி 3 சங்கிலி. இதுதான் இந்த வரிசையின் முதல் டபுள். எனவே அதன் காலடியிலேயே இருக்கும் ஸ்டிச்சை விட்டுவிட்டு, அடுத்ததில் குத்த வேண்டும். காலடியிலேயே குத்தினால் ஒன்று கூடிவிடும்.

படி 3: நான் கவிழ்ந்த இடம்

வரிசையின் கடைசி. மேலிருந்து பார்த்தால் ஸ்டிச்செல்லாம் ஜடை பின்னியது போலத் தெரியும் அல்லவா? அந்த ஜடை முடியும் இடத்தில் வரிசையும் முடிந்துவிட்டதாக நினைத்து நான் திருப்பிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. போன வரிசையின் தொடக்கத்தில் போட்ட 3 சங்கிலி ஓரமாகச் சாய்ந்து, சும்மா தொங்கும் நூல் போல நிற்கும். அதுவும் ஒரு ஸ்டிச். அதன் உச்சியில், அதாவது மூன்றாவது சங்கிலியில், கடைசி டபுள் விழ வேண்டும்.

தெரிந்த பிறகும் ஊசி உள்ளே போகாது. சங்கிலி முறுக்கிக்கொண்டு இறுகியிருக்கும். சிரமத்தில் பலர் சங்கிலிக்கும் பக்கத்தில் தூண் போல நிற்கும் டபுளுக்கும் நடுவே உள்ள சந்தில் குத்திவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகும், ஓரத்தில் ஓட்டை விழும். சங்கிலியின் இரண்டு இழையையாவது ஊசி பிடிக்க வேண்டும்.

இதற்குத்தான் துண்டு நூல். 3 சங்கிலி போட்டதுமே மூன்றாவதில் அதைக் கோத்துவிடுங்கள். அடுத்த வரிசை பின்னி அந்த ஓரத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அங்கே குத்தலாம். குத்தியதும் உருவி, திருப்பி, புதிய 3 சங்கிலியின் உச்சியில் மறுபடி கோத்துவிடுங்கள். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு கடைசிவரை காவல் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. தொடக்கத்தில் காலடியில் குத்தி ஒன்று கூட்டி, முடிவில் சங்கிலியை விட்டு ஒன்று குறைத்தால் மொத்தம் 20 மாறவே மாறாது. ஓரம் மட்டும் ரம்பப் பல் போல வரும். அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

படி 4: எண்ணுங்கள்

முதல் பத்து வரிசைக்கு ஒவ்வொரு வரிசையும், பிறகு ஐந்துக்கு ஒரு முறை. அலுப்புதான். 17 வரிசையைப் பிரிப்பது இதைவிட அலுப்பு.

அந்த 3 சங்கிலியே பிடிக்காதவர்களுக்கு

எனக்கும் இப்போது பிடிப்பதில்லை, ஓரத்தில் சன்னலாக இடைவெளி விடுகிறது. அதற்குப் பதில் சங்கிலியே போடாமல் முதல் ஸ்டிச்சில் ஒரு சிங்கிள். அந்தச் சிங்கிளின் இடது காலில் (நிற்கும் இரண்டு இழையில் இடதுபக்கம் உள்ளது) ஊசியை விட்டு இன்னொரு சிங்கிள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி டபுளின் உயரத்துக்கு வந்துவிடும். அது ஒரு முழு ஸ்டிச். திரும்பி வரும்போது அதன் தலையில் வழக்கம்போலக் குத்தலாம்.

ஓரம் லேசாக அலைந்தால் சுற்றிலும் சிங்கிள் பார்டர் போட்டு மறைக்கலாம். பக்கவாட்டில் டபுள் வரிசைக்கு 2, மூலைக்கு 3. தொலைந்த ஸ்டிச்சை பார்டர் மறைக்காது. அக்ரிலிக் நூலில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திவிடாதீர்கள், செத்துப்போய்ச் சப்பையாகிவிடும்.

பிற்சேர்க்கை 1: "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், இன்னும் குறைகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் கேட்டுப் பார்த்தால் அவர் பின்னியது சிங்கிள்! தவறு என்னுடையது, எழுதாமல் விட்டுவிட்டேன். சிங்கிளில் திரும்பும்போது போடும் 1 சங்கிலி கணக்கில் சேராது. காலடியில் உள்ள முதல் ஸ்டிச்சிலேயே குத்த வேண்டும், முடிவில் அந்தச் சங்கிலியைத் தொடக் கூடாது. டபுளுக்கு நேர் எதிர்.

பிற்சேர்க்கை 2: அம்மாவின் பழைய புத்தகத்தில் டபுளுக்கு 1 சங்கிலி என்றிருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். புத்தகம் பிரிட்டிஷ் முறை. அவர்களுடைய டபுள், அமெரிக்க முறையில் சிங்கிள். அமெரிக்க டபுளை அவர்கள் ட்ரெபிள் என்பார்கள். இந்தப் பதிவு முழுக்க அமெரிக்கப் பெயர்கள்தான். குறிப்பில் "சிங்கிள் குரோஷே" என்ற சொல் வந்தால் அநேகமாக அது அமெரிக்க முறை.

பிற்சேர்க்கை 3: மே மாதத்தில் நூல் விரலில் ஒட்டி ஸ்டிச் இறுகுகிறது என்பவர்கள் கையில் கொஞ்சம் பவுடர் தட்டிக்கொள்ளுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் உட்கார வேண்டாம், நூல் பந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும்.