சூடானால் நிற்கும் பழைய கார்: இக்னைட்டரைத் தேடி மாற்றுவது எப்படி?

சாவகச்சேரியில் இருந்து வரும்போது கைதடியில் என் பழைய கார் நின்றுவிட்டது. வேப்பமர நிழலில் அரை மணி நேரம் கிடந்தபின் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. நாவற்குழிப் பாலம் தாண்டியதும் மறுபடி நின்றது. ஒரு கராஜில் காபரேற்றரைக் கழுவி, பெற்றோல் பம்பையும் மாற்றினார்கள். கோளாறு இருந்ததோ தீப்பெட்டி அளவு இக்னைட்டரில். பிளக்கில் பொறி வருவதற்காகக் கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் மின்னணுப் பாகம் அது. சூடேறினால் செயலிழப்பதும் ஆறினால் உயிர்ப்பதும் பழுதான இக்னைட்டரின் குணம்.

முதலில், உங்கள் காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கார்களில் அந்த வேலையைச் செய்வது பொயின்ற்ஸ் என்ற பழைய தொடுமுனைகளும் கண்டென்சரும்தான். எண்பதுகளின் ஜப்பான் கார்களில் பெரும்பாலும் இக்னைட்டர் இருக்கும். பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயிலின் நடுவில் இருந்து போகும் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் வரும். இக்னைட்டர் அதன் பக்கவாட்டிலோ மூடிக்குள்ளேயோ இருக்கும். சில கார்களில் கொயிலுக்குப் பக்கத்திலேயே தகட்டில் பூட்டியிருப்பார்கள்.

சோதிக்காமல் வாங்காதீர்கள். கார் சூட்டில் நின்ற அந்த நேரத்திலேயே பாருங்கள். வேறொரு ஸ்பார்க் பிளக்கை எஞ்சினின் பிளக் வயர் ஒன்றில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது, பெற்றோல் கசிவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பொறி வரவில்லையா? சாவியைப் போட்டால் கொயிலின் பிளஸ்ஸில் ஏறக்குறைய பற்றரியின் வோல்ட் வரவேண்டும். அது சரி என்றால், டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பற்றரி பிளஸ்ஸிலும் முனையைக் கொயில் மைனஸிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். லாம்ப் மினுங்கினால் இக்னைட்டர் வேலை செய்கிறது. அப்படியானால் கொயிலையும், டிஸ்ரிபியூட்டரின் மூடியையும், அதற்குள் சுழலும் றோட்டரையும் பாருங்கள். மினுங்காவிட்டால் இக்னைட்டரோ, டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்து அதற்குச் சைகை தரும் பிக்கப் கொயிலோதான். பிக்கப் கொயிலும் சூட்டில் இதேபோல ஏமாற்றும், அதனால் அதையும் மல்டிமீற்றரால் அளந்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் இலக்கத்தை ஒப்பிடுங்கள். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லலாம்.

மாற்றுவது சின்ன வேலை. பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். வயர்களைக் கைபேசியில் படம் எடுங்கள். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிவிடாதீர்கள், டைமிங் மாறிவிடும். ஸ்குரூவைக் கழற்றி, உலோகத் தளத்தில் துருவும் பழைய பசையும் போகத் துடையுங்கள். பல கார்களில் இக்னைட்டருக்கு எர்த் கிடைப்பதே அந்தத் தளத்தின் வழியாகத்தான். உப்புக்காற்றுள்ள நம் ஊரில் அது அரித்துப்போகும்.

அப்புறம் வெள்ளைப் பசை. கம்பியூட்டர் புரொசெசருக்குப் பூசும் அதே வெப்பப் பசை இது. இக்னைட்டரின் அடியில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். இதை விட்டுவிட்டால் சூடு உலோகத்துக்கு இறங்காமல் புதியதும் சீக்கிரமே எரிந்துபோகும். பலர் தவறுவது இங்கேதான்.

பூட்டி, கனெக்டர் 'கிளிக்' என்று உட்கார்ந்ததைப் பாருங்கள். பற்றரியை இணைத்து, 20 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். நிற்கவில்லை என்றால், மதிய வெயிலில் கைதடி வரை ஒருமுறை போய்வாருங்கள்.