வெறுங்கரி நைட்ரேட்டைப் பிடிக்காது: சிரட்டைக் கரியைப் பழக்கும் செய்முறை

யாழ்ப்பாணத்தில் ஊமற்கரியால், அதாவது பனங்கொட்டையைச் சுட்ட கரியால், பல் துலக்கிய தலைமுறைக்குக் கரியின் மேல் அசையாத நம்பிக்கை உண்டு. தண்ணீர் மணக்கிறதா, கரியில் வடி. நிறம் மாறியிருக்கிறதா, கரியில் வடி. அதே நம்பிக்கையோடுதான் கிணற்றில் நைட்ரேட் என்ற நைதரசன் உப்பு கூடிவிட்டது என்று அறிந்தவுடனும் கரியைத் தேடுகிறோம். எங்கள் பாடநூல்கள் நைத்திரேற்று என்று எழுதுவதும் இந்த நைட்ரேட்டையேதான்.

வெறுங்கரி இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. ஆனால் அதைப் பழக்கி எடுக்கலாம். பழக்கிய கரி எவ்வளவு பிடிக்கிறது என்பதை நான்கு போத்தல்களை வைத்து வீட்டு முற்றத்திலேயே அளந்துவிடலாம்.

தொடங்குமுன் ஒரு கண்டிப்பு. இங்கே செய்யப்போகும் வடிகட்டி கற்றுக்கொள்வதற்கும் தோட்டத்திற்கும் உரியது. ஆய்வுகூட அறிக்கை கையில் இல்லாமல் அதன் நீரைக் குடிக்கக் கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைக்கவே கூடாது. நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும்; உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்கும்போது ஆவியாவது நீர்தான். நைட்ரேட் பாத்திரத்திலேயே தங்கி, மேலும் செறிவாகிறது.

இது எங்கிருந்து வருகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமாகக் கிடக்கிறது சுண்ணாம்புக்கல். வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. மாரி மழை அதைக் கழுவிக் கீழே இறக்குகிறது. மலசலகூடக் குழிகளும் மாட்டுக் கொட்டில்களும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் கூடுதலாக இருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

படி 1: முதலில் அளவுங்கள்

நைட்ரேட் அளக்கும் தாள்பட்டிகள் மீன்தொட்டிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். நைட்ரைட்டையும் சேர்த்துக் காட்டும் பட்டியாக வாங்குங்கள். பலர் தடுமாறுவது அலகில். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். சில பட்டிகளும் சில ஆய்வுகூடங்களும் நைட்ரேட்டில் உள்ள நைதரசனை மட்டும் எழுதும். அந்தக் கணக்கில் எல்லை ஏறத்தாழ 11. அப்படி எழுதிய எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் நைட்ரேட் அளவு வரும். அறிக்கையில் 20 என்று கண்டு நிம்மதியாகத் தூங்குபவர் அது எந்த இருபது என்று கேட்டுவிட்டுத் தூங்குவது நல்லது.

கோடையில் ஒருமுறை, மாரி மழை ஓய்ந்தபின் ஒருமுறை அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

படி 2: கரி சுடுதல்

தேங்காய்ச் சிரட்டை போதும். ஊமலும் நல்ல கரி தரும், ஆனால் தடித்தது. உடைத்து நன்றாகக் காயவைத்துத்தான் போட வேண்டும். மேல்மூடி வெட்டிய இரும்புப் பீப்பாய் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். அடியில் சிறு தீ மூட்டி, சிரட்டைகளை மெல்லிய அடுக்காகப் போடுங்கள். மேலடுக்கில் சாம்பல் வெண்மையாகப் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் சுவாலை காற்றின் ஒட்சிசனைத் தானே தின்றுவிடும். அதனால் கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாகிறது. புகை எழுந்தால் சிரட்டை ஈரம், அல்லது அவசரப்பட்டு அதிகம் போட்டுவிட்டீர்கள். பீப்பாய் நிறைந்ததும் வாளி வாளியாக நீரூற்றி முழுமையாக அணையுங்கள். அரைகுறையாக அணைந்த கரி நடுஇரவில் மறுபடி கனலும். எனக்கு ஒரு சாக்கு போனது, நல்லவேளையாகக் கொட்டில் தப்பியது.

ஆறியபின் உடைத்து, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுக் குறுணியாகச் சலித்தெடுங்கள். தூளைத் தோட்டத்தில் கொட்டலாம். குறுணியைப் பலமுறை அலசுங்கள். சாம்பல் ஒட்டியிருந்தால் நீர் காரமாகிவிடும், அடுத்த படி கெடும்.

படி 3: பழக்குதல்

இப்படிச் சுட்ட கரியின் மேற்பரப்பு கிணற்று நீரில் பெரும்பாலும் மறை (எதிர்) மின்னேற்றம் கொண்டது. நைட்ரேட்டும் மறை ஏற்றம் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஈயத்தையும் அமோனியத்தையும் பிடிக்கும் அதே கரி நைட்ரேட்டிடம் தோற்பது இதனால்தான். கரியின் மேல் நேர் ஏற்றமுள்ள இடங்களை உண்டாக்க வேண்டும். அதற்கு மக்னீசியம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் உப்புகளைப் பயன்படுத்துவார்கள். வீட்டில் செய்ய இரும்பு வசதியானது. மக்னீசியம் குளோரைடில் ஊறவைத்துச் சுடும் முறையும் உண்டு. சுடும்போது ஐதரோகுளோரிக் அமில ஆவி வரும் என்பதால் முற்றத்தில் வேண்டாம்.

மின்சுற்றுப் பலகைகளை அரிக்கப் பயன்படும் பெரிக் குளோரைடு 250 கிராமை, 5 லீற்றர் மழைநீரில் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது தோலை அரிக்கும், துணியில் பட்ட கறை போகாது. உலர்ந்த கரி ஒரு கிலோவை அதில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் வடித்து, வெயிலில் முழுதும் காயவைத்து, மஞ்சள் நிறம் போகும்வரை மழைநீரில் அலசுங்கள். கிணற்று நீரில் அலச வேண்டாம்: சுண்ணாம்புக்கல் நீரில் நிறைந்திருக்கும் பைகாபனேற்று, நைட்ரேட்டுக்கு என்று ஒதுக்கிய இடங்களில் முதலிலேயே உட்கார்ந்துவிடும்.

வடித்த கரைசல் அமிலத்தன்மை கொண்டது. சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கினால் இரும்பு செம்மண்ணிறச் சேறாகப் படியும். அதைக் கிணற்றருகே ஊற்றாதீர்கள்.

படி 4: நான்கு போத்தல் சோதனை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நான்கு போத்தல்களில் தலா ஒரு லீற்றர் கிணற்று நீர். முதலாவதில் எதுவும் போட வேண்டாம். இரண்டாவதில் 10 கிராம் வெறுங்கரி. மூன்றாவதில் இரும்பில் பழக்கிய கரி, அதாவது இரும்புக்கரி, 10 கிராம். நான்காவதில் 20 கிராம் இரும்புக்கரி. மூடி, அவ்வப்போது குலுக்கி, 24 மணிநேரம் நிழலில் வையுங்கள். துணியில் வடித்துப் பட்டியை நனையுங்கள்.

பட்டியின் நிறங்கள் 50க்குப் பிறகு 100, அதற்குப் பிறகு 250 என்று தாவும். இடைப்பட்ட அளவை அறிய, மழைநீர் சேர்த்து நீரை மொத்தம் இரண்டு மடங்காக, மூன்று மடங்காக நீர்த்து அளந்து, அதே மடங்கால் பெருக்குங்கள். மழைநீரையும் ஒருமுறை தனியே அளந்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. தொடக்கத்தில் 100, மூன்றாம் போத்தலில் 70 என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் கரி 30 மில்லிகிராம் பிடித்திருக்கிறது, கிராமுக்கு 3. நாளொன்றுக்கு 20 லீற்றர் நீரை 100இலிருந்து 40க்கு இறக்க வேண்டுமானால், அகற்ற வேண்டியது 1,200 மில்லிகிராம். அதற்கு 400 கிராம் கரி. அது ஒரு நாளைக்கு! மாதத்திற்கு 12 கிலோ. ஆய்வுகூடங்களில் வடித்த நீரில் நைட்ரேட்டை மட்டும் கரைத்துப் பெறும் பெரிய எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் கிணற்றில் சல்பேற்றும் குளோரைட்டும் பைகாபனேற்றும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன.

படி 5: குழாய் வடிகட்டி

கணக்கு உங்களுக்குக் கட்டுப்படியானால் மட்டும். நாலங்குல பிவிசி குழாய், ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளம். அடியில் கூழாங்கல், மேலே கழுவிய மணல், பிறகு 60 சென்ரிமீற்றர் உயரத்திற்கு இரும்புக்கரி, மேலே மறுபடி மணல். இதில் ஒன்றரைக் கிலோ அளவு கரி கொள்ளும். நீரைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள். மேலிருந்து விட்டால் ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மணிக்கு 5 லீற்றருக்கு மேல் வேண்டாம், கரியோடு நீர் அரைமணி நேரமாவது இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கிராமுக்கு 3 என்ற கணக்கில் இந்தக் குழாய் 75 லீற்றரில் நிறைந்துவிடும். ஒவ்வொரு 10 லீற்றருக்கும் பட்டி வையுங்கள். நிறைந்தபின் ஓடவிட்டால் வேறொரு கேடும் வரலாம்: சல்பேற்று, பிடிபட்ட நைட்ரேட்டை இடம்பெயர்த்து, உள்ளே போனதைவிடக் கூடிய அளவில் வெளியே தள்ளும். நைட்ரைட் நிறம் தென்பட்டாலும் நிறுத்துங்கள். உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

குடிநீர்தான் தேவையென்றால், எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) இயந்திரமோ ஒழுங்காகச் சேமித்த மழைநீரோ இந்தக் குழாயைவிட நம்பகமானவை. கரியைப் பற்றி எழுதுபவன் இதைச் சொல்வது விசித்திரம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

படி 6: நிறைந்த கரி

உப்பு நீரால் கழுவிக் கரியை மீட்கலாம் என்பார்கள். அந்த உப்பும் நைட்ரேட்டும் கலந்த நீரை எங்கே ஊற்றுவது? குடாநாட்டில் ஊற்றியது எல்லாம் ஒருநாள் யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகும். நிறைந்த கரியைக் கூட்டெருவோடு கலந்து வெங்காயப் பாத்தியில் போடுவதே எனக்குப் பிடித்த வழி. பிடித்த நைட்ரேட்டில் ஒரு பகுதியை வேர் எடுத்துக்கொள்ளும்.

பாத்தியில் போடும்போது இன்னொரு கணக்கும் பாருங்கள். நைட்ரேட் 100 உள்ள கிணற்று நீரில் லீற்றருக்கு 22.6 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. ஒரு பரப்புக் காணிக்கு (ஏறத்தாழ 253 சதுர மீற்றர்) ஒரு போகத்தில் மொத்தம் 300 மில்லிமீற்றர் நீர் இறைத்தால், அது ஏறத்தாழ 76,000 லீற்றர். அதில் இருக்கும் நைதரசன் 1.7 கிலோ, அதாவது மூன்றே முக்கால் கிலோ யூரியாவில் உள்ள அளவு. காசு கொடுக்காமல் ஏற்கெனவே பாத்தியில் இறங்கிவிட்ட பசளை இது. முழுவதையும் பயிர் எடுத்துவிடாது. ஆகவே ஒரு பரப்பில் மட்டும் முதலில் இரண்டு கிலோ யூரியாவைக் குறைத்து, பக்கத்துப் பரப்போடு விளைச்சலை நிறுத்துப் பாருங்கள்.