வலிக்காத புண்ணோடு நடப்பதுதான் பெரிய தவறு

எங்கள் பெரியப்பாவுக்குச் சுகர் வந்து 18 வருஷம். ஒருநாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பியவர் மதியம் வந்து கழற்றினார். உள்ளிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. உள்ளங்காலில் அதன் அச்சு, நாலு துளையோடு. "ஒண்ணும் தெரியலையே" என்றார். அந்த இடம்தான் அப்புறம் புண்ணானது.

சுகரால் நரம்பு மரத்த காலில் வலி இருக்காது. வலி இல்லை என்பதால் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது இதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு, வேளாவேளைக்கு மாத்திரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதே காலோடு பால் வாங்கவும் போவார்கள். கட்டு புண்ணை மூடுமே தவிர, உடம்பின் எடையைத் தாங்காது. பெருவிரலின் அடியில் புண் என்றால் ஒவ்வொரு அடியும் அதை நசுக்குகிறது. அதனால்தான் ரத்த ஓட்டத்தையும் சீழ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டோ கழற்ற முடியாத பூட்ஸோ போடுகிறார்கள். கழற்றி மாட்டுகிற வகை என்றால் பலர் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள்.

இதைச் சுகர்காரர்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்தவர்கள் தொழுநோயாளிகள். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்கள் கால் தானாக அழுகுவதில்லை, உணர்வில்லாததால் திரும்பத் திரும்ப அடிபட்டே கெடுகிறது என்று காட்டினார். இன்று சுகர்காரர்கள் போடும், மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பின் வேர் அந்த வேலையில்தான் இருக்கிறது. ஆனால் அது புண் வராமல் காக்கத்தான். வந்த புண்ணை ஆற்ற அது மட்டும் போதாது.

அடுத்தது வீட்டு வைத்தியம். மஞ்சள், காபித்தூள் வைத்து அப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. நுரைக்கும் பெராக்சைடை ஊற்றினால் வளரும் புதுச் சதையும் சேர்ந்து போகும். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரில் அமிலம் இருக்கிறது. பிளேடால் செதுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காய்ப்பின் நடுவே கறுப்பாகத் திட்டுத் தெரிந்தால், அடியில் ஏற்கெனவே புண் இருக்கலாம்.

வெந்நீரில் கால் வைக்காதீர்கள், சித்திரை மதியத்தில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் சூடாகி வீங்கினால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கும், விரல் கறுத்தாலும், நாற்றம், காய்ச்சல் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆறிவிட்டதே என்று பழைய செருப்புக்குத் திரும்புவதும் தவறுதான். ஆறியவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வருகிறது. எங்கள் பெரியம்மா இப்போது தினமும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிய பிறகுதான் அவரிடம் கொடுக்கிறார்.